பரளச்சிக் கூட்டத்தில் ஜெபசீலி பேசியது

சந்தியாகுவுக்கும் கிருபைக்கனிக்கும் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இருவரும் ஒரே இடத்தில் சாமி கும்பிட்டதில்லை. காலையில் அவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, டி.வி.எஸ்.ஸை உதைத்துக் கிளப்பித் திருச்சுழிப் பக்கத்து மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார். அவள் வெள்ளைச் சேலை உடுத்தி, உறை போட்ட வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பரளச்சியில் தகரக் கொட்டகை போட்ட சபைக்கு நடந்து போவாள். மத்தியானம் திரும்பி வந்து ஒரே சட்டியில் வைத்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் சண்டை வந்துவிடும்.

நான் பாளையம்பட்டியில் கரி வியாபாரம் செய்கிறவன், பெயர் காசிராஜன். எங்கள் வீட்டுச் சாமி மாரியம்மன். ஆனாலும் அவர்களுடைய கரிமூட்டத்துக்கு லோடு ஏற்றப் போய்ப் போய் அந்தச் சண்டை எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

"வேதத்துல எழுதியிருந்தா எங்களுக்கு உண்டு. எழுதலேன்னா இல்ல. அம்புட்டுத்தான் அண்ணாச்சி," என்பாள் கிருபைக்கனி. "மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துறது, செத்தவுகளுக்குப் பூசை வைக்கிறது, இதெல்லாம் எங்க எழுதியிருக்கு? இவுகளக் காட்டச் சொல்லுங்க."

"எல்லாத்தையும் எழுதியா வச்சிட்டுப் போனாக?" என்பார் சந்தியாகு. "பாத்தவுக சொன்னாக, கேட்டவுக செஞ்சாக, அப்படியே கைமாறி வந்திருக்கு. இவ கக்கத்துல வச்சிருக்காளே புத்தகம், அதுல எது சேத்தி, எது சேத்தியில்லன்னு பாத்துப் பாத்துத் தொகுத்ததே எங்க பழைய ஆயர்மாருகதான்."

"அந்த ஆயர்மாருகள நம்பணும்னு வேதத்துல எங்க இருக்கு?"

இப்படியே சுற்றிச் சுற்றி வரும். கேட்கிறவர்களுக்கு விளையாட்டுப் போல இருக்கும். கிருபைக்கனிக்கு அது விளையாட்டு இல்லை. பூசைக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று சபை அவளை மூன்று வருஷம் தள்ளி வைத்திருந்தது. ஆராதனைக்கு வரலாம், இயேசுவின் நினைவாகப் பகிர்கிற அப்பம் மட்டும் கிடையாது. ராப்போஜனத் தட்டு வரிசையாக வந்து, அவள் முன்னால் நிற்காமல் அடுத்தவளிடம் போகும். அவள் ஒரு வாரமும் தப்பாமல் போய் உட்கார்ந்தாள். புதுப் போதகராக தேவஇரக்கம் வந்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்கள். இப்போது வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்தை நடத்துகிறவளே அவள்தான்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை, ஜெபசீலி. கைக்குழந்தையாக இருந்தபோது சந்தியாகு கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். அது செல்லாது என்று அவளுடைய பதினாறாவது வயதில் கிருபைக்கனி கண்மாய்த் தண்ணீரில் முக்கி எடுக்க வைத்தாள். "என்னைய ரெண்டு பேரும் தொவைச்சிட்டாக அண்ணாச்சி, நான் ரொம்பச் சுத்தம்," என்று சிரிப்பாள் அந்தப் பெண். தாயோடு சபைக்குத்தான் போவாள்.

மதுரையில் கிறிஸ்தவ சமய வரலாறு எம்.ஏ. படித்து முடித்து, அங்கேயே ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருந்தாள். இயேசுவின் சீடர்கள் காலத்துக்கு அடுத்து வந்த நூற்றாண்டுகளில் சபைப் பெரியவர்கள் எழுதிய கடிதங்கள், பிரசங்கங்கள், இவைதான் அவள் பாடம். அதற்காகக் கிரேக்க மொழியும் படித்திருந்தாள். கருவேல முள் குத்திக் குத்தித் தழும்பேறிய விரலால் கிரேக்கம் எழுதுகிற பெண் எங்கள் தாலுகாவில் வேறு யாரும் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை.

அந்தப் புரட்டாசியில் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம். நான் லோடுக்குப் போனபோது கிருபைக்கனி கரி படிந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நோட்டீஸைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"படிங்க அண்ணாச்சி. சத்தமாப் படிங்க."

படித்தேன். சனிக்கிழமை பகல் கூட்டம். தலைப்பு, 'ஆதிச் சபை வேதத்தை மட்டுமே பற்றி நின்றது'. பேசுபவர் சகோதரி ஜெபசீலி எம்.ஏ.

"எம்.ஏ.ன்னு போட்டிருக்கு பாத்தீகளா? அந்த மேடையில இதுவரைக்கும் பொம்பளைன்னா பாட்டுப் பாடத்தான் ஏறியிருக்கா." சொல்லிவிட்டு நோட்டீஸை வாங்கி நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

சந்தியாகு மூட்டத்துக்கு மேலே நின்றுகொண்டு, வெடிப்பு விட்ட இடத்தில் ஈர மண்ணை அப்பிக்கொண்டிருந்தார். மூட்டம் என்பது லேசான காரியமில்லை. கருவேலங்கட்டையை நெருக்கி அடுக்கி, வைக்கோலும் தழையும் போர்த்தி, மண் பூசி மெழுகி, தீ வைத்து மூடிவிட்டால், உள்ளே கட்டை எரியக் கூடாது, வேக வேண்டும். ஒரு கைப்பிடி காற்றுப் புகுந்தாலும் மொத்தமும் சாம்பல். வெள்ளையாகக் குமுறி வருகிற புகை மெலிந்து நீலமாக வந்தால் வெந்துவிட்டது என்று அர்த்தம். அன்றைக்கு இன்னும் வெள்ளையாகத்தான் வந்துகொண்டிருந்தது. கிழக்கே மேகம் வேறு திரண்டு நின்றது.

"அவ படிச்சது எங்க ஆயர்மாருக எழுதினத," என்றார் சந்தியாகு மேலேயிருந்து. "இந்தத் தலைப்புல அவ பேச முடியாது. நீங்க வேணா பாருங்க."

வியாழக்கிழமை ஜெபசீலி பஸ் ஏறி வந்துவிட்டாள். வந்ததும் சுடிதாருக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, முந்தின மூட்டத்துக் கரியைப் பொறுக்கிப் பிரிக்க உட்கார்ந்தாள். தூர்க்கட்டைக் கரி ஒரு குவியல், சில்லுக் கரி ஒரு குவியல். என் ஆட்கள் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏத்தா, பேச்சு எழுதிட்டியா?" என்றாள் கிருபைக்கனி.

"எழுதிட்டேம்மா. தலைப்புத்தான் இடிக்குது."

"என்ன இடிக்குது?"

"மட்டும்ங்கிற வார்த்தை." ஜெபசீலி கையில் இருந்த கரியைக் கீழே வைத்தாள். "அந்தப் பெரியவங்க வேதத்த உயிரா வச்சிருந்தாங்க, அது நெசம். பக்கத்துக்குப் பக்கம் வசனமாத்தான் எழுதுவாங்க. ஆனா எழுதாம கைமாறி வந்ததையும் விடலம்மா. அப்பம் இயேசுவோட உடம்பேதான்னு அவங்க பேசுறதக் கேட்டா அப்பா பேசுற மாதிரி இருக்கும். செத்தவங்கள நெனச்சு ஜெபிச்சிருக்காங்க."

சந்தியாகு மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். முகமெல்லாம் பல். "நான் சொன்னேன்ல?"

"நீங்க சிரிக்காதீங்கப்பா, உங்களுக்கும் இருக்கு. அந்த ஆளுகள்லயே ஒரு ஆயர், ஞானஸ்நானம் வாங்க வந்தவங்ககிட்ட, நான் சொல்றதுக்கு வேதத்துல ஆதாரம் காட்டலேன்னா என்னையக்கூட நம்பாதீங்கன்னு சொல்லியிருக்காரு. ஆயரே சொல்றாரு. உங்க சாமியார் என்னைக்காவது அப்படிச் சொல்லியிருக்காரா?"

சந்தியாகு மறுபடி மண் அப்பப் போய்விட்டார்.

கிருபைக்கனி மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "இத அப்படியே மேடையில சொல்லப் போறியா?"

"ஆமாம்மா."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? உனக்கென்ன, நீ பஸ் ஏறி மதுரைக்குப் போயிருவ. நான் இங்கனதான கெடக்கணும்? தட்டு என்னையத் தாண்டிப் போறது எப்படியிருக்கும்னு உனக்குத் தெரியாது. நான் உக்காந்திருக்கேன். அப்ப நீ வயித்துல."

"தெரியும்மா. அதனாலதான் உங்ககிட்ட முதல்ல சொல்றேன்."

"சொல்லிட்டா சரியாப் போச்சா?" அவள் எழுந்து காலிச் சாக்கை எடுத்து உதறினாள். உதறின உதறலில் கரித்தூள் எங்கள் எல்லார் மேலும் விழுந்தது. மத்தியானம் தூக்குவாளியில் தக்காளிச் சோறும் சீனியவரைக்காய் வத்தலும் கொண்டுவந்து எல்லோருக்கும் போட்டாள். மகளுக்கும் போட்டாள், முகத்தைப் பார்க்காமல்.

ஜெபசீலியே போதகருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொல்லிவிட்டாள். சாயந்தரம் அவர் மொபெட்டில் மூட்டத்துக்கே வந்தார். தேவஇரக்கம் நல்ல மனிதர். சந்தியாகுவுக்கு அருப்புக்கோட்டையில் ஆபரேஷன் நடந்தபோது, பூசைக்காரர் என்று பார்க்காமல் ரத்தம் கொடுத்தவர். கரிச் சாக்கின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"தலைப்பு நான் போட்டதுதான் தாயி," என்றார். "பைபிள் காலேஜுல இந்தப் பெரியவங்க பேரெல்லாம் பரீட்சைக்குப் படிச்சதோட சரி. அவங்க எழுதினத நான் வாசிச்சதில்ல. நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா நம்ம சனம் இப்பத்தான் ஒவ்வொண்ணா வந்து நிக்குது. செல்போன்ல வேற ரெண்டு பக்கத்துப் பயலுகளும் வேதத்த வச்சு ஒருத்தர ஒருத்தர் சவால் விட்டுக்கிட்டுத் திரியுறானுக. நமக்கு ஆதரவா இருக்கிற பாதிய மட்டும் மேடையில சொல்லு. மீதிய எங்கள மாதிரி ஆளுகளுக்குத் தனியாச் சொல்லு."

"அப்படின்னா நான் பேசல அய்யா. கோவமில்ல. ஒரு மனுசன் எழுதின கடிதத்துல பாதியக் கிழிச்சிட்டு, இதுதான் அவர் சொன்னதுன்னு என்னால வாசிக்க முடியாது."

போதகர் கிருபைக்கனியைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாக் கேப்பா."

அவள் கோணி ஊசியால் சாக்கு வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்து முடித்துச் சணலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"நான் என்னத்தச் சொல்ல அய்யா? ஒரு வார்த்தை கூட்டாத, ஒரு வார்த்தை குறைக்காதன்னு சொல்லித்தான் இவள வளத்தேன். வேதத்துக்குச் சொன்னேன். இவ எல்லாத்துக்கும்னு எடுத்துக்கிட்டா. இப்ப எந்த வாயால பாதியச் சொல்லுன்னு சொல்றது?" ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தாள். "இவ பேசப் போறது எனக்குப் பிடிக்கல. அதையும் சொல்லிட்டேன்."

போதகர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "சரி, பேசு தாயி. உள்ளதப் பேசு. நான் மூப்பரச் சமாளிச்சுக்கிறேன்."

மூப்பர் என்பவர் பந்தல்குடியில் சிமெண்டுக் கடை வைத்திருக்கும் பொன்னுத்துரை. சபைக்குத் தகரம் போட்டுக் கொடுத்தவர். அவரைச் சமாளித்தவர்கள் யாரும் அதுவரை கிடையாது.

சனிக்கிழமை காலை மூட்டத்துப் புகை நீலமாக மாறியிருந்தது. மூட்டத்தைப் பிரிக்கிற நேரத்தில் ஆள் இல்லாமல் இருக்கக் கூடாது. பால்ச்சாமி என்ற வேலையாளைக் காவலுக்கு வைத்துவிட்டு, சந்தியாகுவும் வேட்டி மாற்றிக்கொண்டு கிளம்பினார். மழை வருமுன் லோடு ஏற்ற நான் அன்றைக்கும் வந்திருந்தேன். லாரியிலேயே எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

கொட்டகை நிறைய ஆள். பரளச்சி மட்டுமில்லாமல் சுற்றுப்பட்டியிலிருந்தும் ஷேர் ஆட்டோவில் வந்திருந்தார்கள். தகரச் சூட்டில் ஃபேன் சுற்றியும் வேர்த்துக் கொட்டியது. சந்தியாகு உள்ளே வரவில்லை. வெளியே லாரி நிழலில் என்னோடு நின்றுகொண்டார். ஒலிபெருக்கியில் எல்லாம் நன்றாகக் கேட்டது.

ஜெபசீலி அம்மாவின் வெள்ளைச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள். முதலில் கொஞ்சம் திணறினாள். பிறகு குரல் நிமிர்ந்தது.

"சீடர்கள் போன பிறகு நம்ம கையில இருக்கிற மாதிரி ஒரே புத்தகமா வேதம் அப்ப இல்ல," என்றாள். "ஒரு ஊர்ல ரெண்டு சுருள் இருக்கும், இன்னொரு ஊர்ல ஒரு கடிதம் இருக்கும். அந்த ஒண்ணு ரெண்டுக்காக உயிரையே குடுத்தாங்க. ஒரு ஆயரச் சங்கிலி போட்டு, சிங்கத்துக்குப் போட ரோமாபுரிக்கு இழுத்துட்டுப் போனாங்க. போற வழியில தங்குன எடத்துலயெல்லாம் சபைகளுக்குக் கடிதம் எழுதினாரு. பயப்படாதீங்க, பிரிஞ்சு போகாதீங்க, ஒரே அப்பத்துல சேர்ந்திருங்கன்னு எழுதினாரு."

கூட்டம் அசையாமல் கேட்டது. வசனத்தை உயிராகப் பிடித்தவர்களைப் பற்றிச் சொன்னபோது "ஸ்தோத்திரம்" என்றார்கள். வேதத்தில் ஆதாரம் காட்டாவிட்டால் என்னையும் நம்பாதீர்கள் என்ற ஆயரைப் பற்றிச் சொன்னபோது கைதட்டலே விழுந்தது. பொன்னுத்துரைகூடத் தலையை ஆட்டினார் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

"அதே நூற்றாண்டுல இன்னொரு பெரியவர்," என்றாள் அவள். "அவரும் வேதத்தக் கரைச்சுக் குடிச்சவருதான். அவர் எழுதுறாரு, சபையில நமக்கு எழுத்துல வந்ததும் உண்டு, எழுதாம கைமாறி வந்ததும் உண்டு, ரெண்டுக்கும் ஒரே மதிப்புன்னு. இத நான் மறைச்சா உங்களுக்குத் தெரியப் போறதில்ல. ஆனா மறைக்க மாட்டேன். இவங்க ரெண்டு பேரும் ஒரே விசுவாசத்துல இருந்தவங்க. நம்ம சண்டை அவங்களுக்குத் தெரியாது. நாமதான் நம்ம சண்டைக்கு அவங்களச் சாட்சிக்கு இழுக்குறோம்."

உள்ளே சலசலப்பு எழுந்தது. "அப்ப வேதம் போதாதுங்கிறியா?" என்று ஒரு குரல். பொன்னுத்துரையின் குரல்தான்.

"எனக்கு அது போதும் அய்யா. அவங்க எல்லாரும் நம்ம மாதிரியே நெனச்சாங்கன்னு சொன்னாத்தான் பொய்."

"மைக்க அமத்து!"

ஒலிபெருக்கி சட்டென்று செத்தது. வெளியே எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சந்தியாகு என்னைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் கிருபைக்கனி எழுந்து நின்றிருந்தாள். கூட்டம் முழுக்க அவளைத் திரும்பிப் பார்த்தது. முன்னால் இருந்த நாற்காலி முதுகை இறுகப் பிடித்திருந்தாள். நகத்து இடுக்கில் கரி போகாமல் இருந்தது.

"மைக்கு இல்லாட்டிப் போகுது," என்றாள். "இந்த மூட்டத்துக்கும் அந்த மூட்டத்துக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளந்த தொண்டை அது. நீ பேசு தாயி."

"கிருபை, உக்காரு," என்றார் பொன்னுத்துரை. "உம் மக நம்ம விசுவாசத்தக் குழப்புறா."

"எனக்கும் அவ சொல்றதுல பாதி பிடிக்கல மூப்பரய்யா. வீட்டுக்குப் போய் அவகூட நான் சண்டை போடுவேன். ஆனா பிடிக்காததக் கேட்டா குழம்பிப் போற அளவுக்கா நம்ம விசுவாசம் இருக்கு? இந்தக் கொட்டகையில நான் எத்தனையோ பேச்சுக் கேட்டாச்சு. பயப்படாம, ஒரு வார்த்தையக்கூடக் குறைக்காமப் பேசுனது எம் புள்ளதான். முடிக்கட்டும்."

அவள் உட்காரவில்லை. ஜெபசீலி தாயைப் பார்த்துக்கொண்டே மீதியைப் பேசினாள். மைக்கில் பேசியதைவிடத் தெளிவாக, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். பாதியில் பொன்னுத்துரையும் அவரோடு ஏழெட்டுப் பேரும் எழுந்து வெளியே போனார்கள். மற்றவர்கள் போகவில்லை. அவள் பேசி முடிக்கிறவரை கிருபைக்கனி நின்றுகொண்டேதான் இருந்தாள். பின்னால் சுவரோரமாக சந்தியாகுவும் நின்றார், அந்தக் கொட்டகைக்குள் முதல் தடவையாக.

முடிந்ததும் போதகர் எழுந்தார். மறுத்துப் பேசுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "இதெல்லாம் எனக்குத் தெரியாது," என்றார் அவர். "தெரியாம இத்தனை வருஷம் பிரசங்கம் பண்ணிட்டேன். அந்தக் கடிதங்கள எனக்கும் வாசிக்கக் குடு தாயி. வாசிச்சிட்டு, எனக்குத் தப்புன்னு படுறதத் தப்புன்னு சொல்லுவேன்."

"சொல்லுங்க அய்யா," என்றாள் ஜெபசீலி.

பந்தலில் சாப்பாடு நடந்தது. கிருபைக்கனி வழக்கம்போலச் சாம்பார் வாளியைத் தூக்கினாள். பொன்னுத்துரை சாப்பிடாமல் வாசலில் நின்று அவளைக் கூப்பிட்டார்.

"இனிமே வெள்ளிக்கிழமை ஜெபத்த நீ நடத்த வேணாம். கொட்டகைச் சாவிய அய்யாகிட்டக் குடுத்துரு."

அவள் இடுப்பில் சொருகியிருந்த சாவியை எடுத்துப் போதகரிடம் கொடுத்தாள். போதகர் என்னவோ சொல்ல வாயெடுத்தார், அவள் கையமர்த்தினாள். "சரி மூப்பரய்யா. நடத்த வேணாம்னுதான சொல்றீக? ஜெபிக்க வேணாம்னு சொல்லலையே." திரும்பி வந்து வாளியை எடுத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன். நடை மட்டும் தளரவில்லை.

இலையில் உட்கார்ந்திருந்த பெத்தம்மாள் என்கிற கூலிக்காரப் பெண், சாம்பார் வாங்கிக்கொண்டே உரக்கச் சொன்னாள். "அப்ப வெள்ளிக்கிழமை நாங்க மூட்டத்துக்கு வந்துருறோம் கிருபை. உக்கார நாலு சாக்கு விரிச்சு வையி." வரிசையில் இன்னும் சிலர், "ஆமா, நாங்களும்" என்றார்கள்.

லாரியின் முன்பக்கத்தில் நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்து திரும்பினோம். தூறல் தொடங்கியிருந்தது. கரிசல் மண் வாசனை கண்ணாடி வழியாக அடித்தது. ஊரைத் தாண்டுவதற்குள் கிருபைக்கனி ஆரம்பித்துவிட்டாள்.

"அந்த ரெண்டாவது ஆளு, எழுதாததும் உண்டுன்னு சொன்னவரு, எந்த எழுதாததச் சொன்னாரு? அத ஏன் விட்ட?"

"விடலம்மா, நேரம் பத்தல. சிலுவை அடையாளம் போடுறது, கிழக்க பாத்து ஜெபிக்கிறது, இப்படி."

"மாதாவுக்கு மெழுகுதிரி?"

"அந்த எடத்துல அதச் சொல்லல."

"கேட்டுக்கோங்க!" என்றாள் கிருபைக்கனி புருஷனைப் பார்த்து. "சொல்லலையாம். கிழக்கயாவது மேற்கயாவது, வேதத்துல இல்லாதத எப்படிச் சேத்துக்கிறது?"

சந்தியாகு வாய் திறப்பதற்குள் ஜெபசீலி கேட்டாள். "யம்மா, காலையில எந்திரிச்சதும் நீங்க எந்தப் பக்கம் பாத்து முழங்கால் போடுவீங்க?"

"கிழக்கதான். விடியுறது அங்கிட்டுத்தான?"

"வேதத்துல எங்க இருக்கு?"

கிருபைக்கனி முந்தானையால் முன் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். சந்தியாகு கதவில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார். அவள் அவர் தொடையில் ஒரு அடி வைத்தாள். முகத்தை முறைப்பாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள்; முடியவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினாள்.

"கேட்டீகளா அண்ணாச்சி," என்றாள், "எம் மக கேக்குற கேள்விய?"